ஐகானைத் தொடச்சிகினு கீற பேராண்டிக்கு

பேராண்டி, உன்ன மாதிரி ஒரு உழைப்பாளி இந்த ஆவடி, அம்பத்தூரு, பூந்தமல்லி சுத்துவட்டாரத்துலயே கெடயாதுடா. வாயாரச் சொல்றேன், வாங்கிக்க. பட்டரவாக்கம் ஸ்டேஷன்ல எறங்கி, அம்பத்தூரு எஸ்டேட்டுக்குள்ள பகலெல்லாம் கம்ப்யூட்டரப் பாத்துட்டு, வூட்டுக்கு வந்து மறுபடியும் கம்ப்யூட்டரத் தொறந்து, அதுல இருக்கறத எப்பிடித் தொறக்கறதுன்னு ராத்திரி முச்சூடும் வேல செய்யற பாரு, அதுக்கு ஒரு மனசு வேணும். உங்க ஆயா கேட்டா, “புள்ள இன்னா பண்ணிகினு கீறான்?”னு. “வேல செய்யறதுக்கு வழி செஞ்சிகினு கீறான்டி”ன்னேன். “அப்ப வேல?”ன்னா. “அது அப்பால”ன்னேன். கெழவி நம்பிட்டா.

மொதல்ல ரோஃபின்னு, அப்ளிகேஷனத் தேடித் தொறக்கற லாஞ்சரு ஒண்ணு வந்துது உன் வூட்டுக்கு. வந்த மருமவளுக்குக் கூட இவ்ளோ சோடிச்சிருக்க மாட்ட. ஒரு தீமு, அதுக்கு ஒரு ஓரம், ஓரத்துக்கு ஒரு வளைவு, பின்னால மங்கலா ஒரு படம். எழுத்து சின்னதா கீதுன்னு பெருசாக்கின. பெருசா கீதுன்னு சின்னதாக்கின. அதுக்குள்ள எந்த அப்ளிகேஷனத் தேட வந்தமோ அது மறந்து பூட்டுது. பரவால்ல, சாவகாசமா ஞாபகம் வரும்.

அப்பால டிமெனு. அது 2006-லேர்ந்து கீற சாமான். திரைக்கு மேல ஒத்த வரி, அதான் அதோட மொத்த ஒடம்பு. செட்டிங்ஸ்னு ஒண்ணு கெடயாது. கலரு மாத்தணும்னா கன்ஃபிக் டாட் ஹெச்சுன்னு ஒரு ஃபைலத் தொறந்து, சி மொழியில கீற எண்ண மாத்தி, மேக் குடுத்து, மறுபடியும் கம்பைல் பண்ணணும். செஞ்சவங்க வேணும்னுதான் அப்பிடி வெச்சிக்கிறாங்க. தெரியாதவன் கிட்ட வரக் கூடாது, தெரிஞ்சவன் சும்மா சும்மா கை வெக்க மாட்டான்னு அவங்க கணக்கு. பாவம், அவங்களுக்கு உன்னத் தெரியாது. நீலத்துக்கும் கருநீலத்துக்கும் நடுவுல ஒரு நீலத்தத் தேடி எத்தினி வாட்டி மேக் குடுத்தேன்னு அந்த லேப்டாப்பு ஃபேனுக்குத்தான் தெரியும். லிபெக்ஸ்லெவன் டெவ் பாக்கேஜ் இல்லாம கம்பைல் நின்னு போச்சின்னு சோறு துன்னாம படுத்தியே, அன்னிக்குத்தான்டா எனக்கு உன் மேல மரியாதையே வந்துது. உங்கப்பன் பரீட்சையில போனதுக்குக் கூட ரெண்டு தட்டு துன்னுட்டுத்தான் படுத்தான்.

அதோட வுட்டியா? பைதான்ல எழுதின யூலாஞ்சர் ஒண்ணு, க்யூடியில எழுதின ஆல்பர்ட் ஒண்ணு. ஒண்ணு கன்ட்ரோல் ஸ்பேஸ அமுக்கினா வருது, இன்னொண்ணு ஆல்ட் ஸ்பேஸ அமுக்கினா வருது, ரெண்டும் ஒண்ணா வந்து நிக்கற அன்னிக்கி நீ ரெண்டையும் பாத்துச் சிரிக்கற. இதுல வேடிக்க இன்னான்னா, நீ போட்டு வெச்சிகினு கீற க்னோம் டெஸ்க்டாப்புலயே விண்டோஸ் படம் போட்ட அந்தச் சாவிய ஒரு தட்டு தட்டி ரெண்டு எழுத்து அடிச்சா அப்ளிகேஷன் வந்து நிக்கும். கேடிஇ வெச்சிருக்கறவனுக்கு கே-ரன்னர் கூடவே வருது. எக்ஸ்எஃப்சிஇ காரனுக்கு விஸ்கர் மெனு. சும்மா கெடைக்கறத வாங்கினா கௌரவம் கொறைஞ்சி பூடும், நீ செஞ்சது சரிதான். இன்னும் ரெண்டு போடு. வூஃபி கீதாம், ஃபஸல் கீதாம், வேலேண்டுல ஓடறதுக்குன்னே. அதயும் வுட்டு வெப்பானேன்?

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. இத்தினி லாஞ்சரும் எத்தப் படிச்சி உனக்கு அப்ளிகேஷன் பேரக் காட்டுது? டிமெனு மட்டும் தனி ரகம். அது பாத்ல கீற ப்ரோக்ராம் பேரயெல்லாம் அப்பிடியே கொட்டும். மத்ததெல்லாம் படிக்கறது ஒரே சாமான்: டாட் டெஸ்க்டாப்னு முடியற ஒரு சின்ன எழுத்து ஃபைலு. ரோஃபியக் கூட ரன்னுன்னு கூப்ட்டா டிமெனு மாதிரி பேசும், டிரன்னுன்னு கூப்ட்டா இந்த ஃபைலத்தான் படிக்கும். நீ கண்ணாடியும் வளைவும் போட்டியே தவிர, அந்த ஃபைலு ஒண்ண இன்னிக்கி வரைக்கும் தொறந்து பாத்தியா? இல்லன்னு உன் மூஞ்சி சொல்லுது.

அந்த ஃபைலுக்கு ஒரு கதை கீது. 1996-ல ஜெர்மனிக்காரர் மத்தியாஸ் எட்ரிக் கேடிஇ ஆரம்பிச்சாரு. மறு வருசமே மெக்சிகோக்காரங்க மிகுவேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோம் ஆரம்பிச்சாங்க. ரெண்டு கோஷ்டிக்கும் வாய்த்தகராறு. இவங்க மெனு வேற, அவங்க மெனு வேற. 2000-ல ஹேவக் பென்னிங்டன்னு ஒருத்தர் ஃப்ரீடெஸ்க்டாப்னு பொதுவா ஒரு எடம் போட்டாரு. யாரு எந்த டெஸ்க்டாப்ப வெச்சிகினாலும், அப்ளிகேஷன் தன்னப் பத்திச் சொல்லிக்கறதுக்கு ஒரே மாதிரி காகிதம் இருக்கட்டும்னு அங்க பேசி எழுதினதுதான் இந்த டெஸ்க்டாப் என்ட்ரி விதி. சண்ட இன்னும் ஓயல. இந்தக் காகிதம் மட்டும் ரெண்டு பேருக்கும் பொது.

உள்ள இன்னா கீது? மொத வரி சதுர அடைப்புக்குள்ள டெஸ்க்டாப் என்ட்ரி. அதுக்குக் கீழ டைப், நேம், ஐகான், எக்ஸெக், கேட்டகரீஸ். அவ்ளோதான்டா சங்கதி. நேமு ஊருக்குக் காட்டற பேரு. ஐகான் மூஞ்சி. எக்ஸெக்குதான் க்ளிக் பண்ணா நெசமா ஓடப் போறது. சந்தையில மாட்டுத் தரகனுங்க ரெண்டு பேரும் கை மேல துண்டப் போட்டுகினு பேரம் பேசுவானுங்களே, பாத்திருக்கியா? வாய் ஒரு வெல சொல்லும், துண்டுக்கடியில விரலு வேற வெல சொல்லும். மாடு கை மாறறது விரலு சொன்ன வெலைக்கி. நீ இத்தினி நாளா துண்டுக்கு ஜரிக வெச்சிகினு கீற.

நான் எங்கேர்ந்து கத்துகினேன்னு கேக்கற. கேளு. 2011 செப்டம்பர் 15, அண்ணா பொறந்த நாளு. நம்ப திருவள்ளூரு பக்கத்துல காக்களூர்லதான் ஜெயலலிதா அம்மா லேப்டாப் குடுக்கற திட்டத்தத் தொடங்கி வெச்சாங்க. அதே நாள்ல ஆடு, மாடு திட்டம், மிக்சி கிரைண்டர் ஃபேன் திட்டம் எல்லாம். நான் மாட்டு மேலதான் ஆச வெச்சிருந்தேன். வூட்டுக்கு வந்தது லேப்டாப்பு, உங்க அக்கா ப்ளஸ் டூ படிச்சிகினு இருந்தா பாரு. எல்காட் வாங்கி அனுப்பின பொட்டி. தொறந்தா ரெண்டு வழி கேக்கும்: விண்டோஸா, பாஸ் லினக்ஸான்னு. பாஸுன்னா சும்மா இல்ல, நம்ப சென்னையில சி-டாக் காரங்க டெபியன் மேல கட்டினது, 2007-ல மொதல்ல வந்தது, தமிழ்லயும் பேசும். உங்க அக்கா காலேஜு போனப்ப வேற லேப்டாப்பு வாங்கிகினா. இது மாட்டுக் கொட்டாய் பக்கம் வந்து சேந்துது. நான் எஸ்டேட்டுல டூல் ரூம்ல இருந்தவன்டா, எந்தச் சாமானக் குடுத்தாலும் மொதல்ல ஸ்க்ரூவத் தேடுவேன்.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. காலையில பால் ஊத்திட்டு வந்தா, கணக்கு நோட்டு தொறக்கணும். அதுக்கு அப்ளிகேஷன்ஸ்க்குள்ள போயி, ஆபீசுக்குள்ள போயி, கால்க்க தொறந்து, ஃபைல் ஓப்பன் குடுத்துன்னு நாலு வாசப்படி ஏற எனக்கு முட்டி வலி. அதனால ஒரு டாட் டெஸ்க்டாப் எழுதினேன். நேம்ல பால் கணக்கு. எக்ஸெக்ல லிப்ரே ஆபீஸ், ரெண்டு கோடு போட்டு கால்க், அப்பால கணக்கு ஃபைலு கீற முழு வழி. ஒரு தட்டு, நோட்டு தொறந்துது. கலரு மாத்தல, வளைவு போடல. ஐகானுக்கு மாட்டுப் படம் வெச்சேன், அது மட்டும் ஆசைக்கி.

நீ பண்ணப் போற கூத்த நானே சொல்லிடறேன், உனக்கு நேரம் மிச்சம். எக்ஸெக் வரியில நீ டெர்மினல்ல அடிக்கற மாதிரி அலைக்குறி போட்டு உன் ஹோம் ஃபோல்டரக் காட்டுவ. அது ஓடாது. ஏன்னா அந்த வரி ஷெல்லு வழியா போறதில்ல, அலைக்குறிக்கி அர்த்தம் சொல்ல அங்க ஆளு கெடயாது. டாலர் ஹோமும் அதே கதி. பைப்பு போட்டு ஒண்ணோட ஒண்ணு கோக்கறதும் நடக்காது. முழு வழிய ஸ்லாஷ் ஹோம்லேர்ந்து எழுது, இல்லன்னா எஸ்ஹெச் மைனஸ் சி-ன்னு ஷெல்ல நீயே கூப்புடு. ஃபைலு பேருல நடுவுல எடம் வுட்டிருந்தா மேற்கோள் குறிக்குள்ள போடு. சதவீதக் குறி வேணும்னா ரெண்டு வாட்டி போடு, ஏன்னா அந்தக் குறிக்கி அங்க வேற வேல கீது: சின்ன எஃப் சேத்தா க்ளிக் பண்ண ஒரு ஃபைல வாங்கிக்கும், பெரிய எஃப் சேத்தா பல ஃபைல வாங்கிக்கும், யூ சேத்தா இணைய முகவரியும் வாங்கிக்கும். அத்தப் போடாம வுட்டுட்டு, “படத்த ரைட் க்ளிக் பண்ணா தொறக்க மாட்டேங்குது”ன்னு படத்தத் திட்டுவ நீ.

இந்த ஃபைலுங்க எங்க கீதுன்னு தெரியுமா? ஊருக்குப் பொதுவானது ஸ்லாஷ் யூஎஸ்ஆர், ஷேர், அப்ளிகேஷன்ஸ்ல. உனக்குன்னு சொந்தமானது உன் ஹோம்ல டாட் லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ்ல. அதே பேர்ல ரெண்டு எடத்துலயும் இருந்தா உன் வூட்டுல கீறதுதான் செல்லும். அதனால பொதுவுல கை வெக்காத. அங்க நீ மாத்தினத அடுத்த அப்டேட் வந்து வாரிகினு பூடும், அப்பால “நான் நேத்து மாத்தினேனே”ன்னு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு உக்காருவ. உன் வூட்டுக்கு ஒரு காப்பி எடுத்துகினு வந்து, அதுல மாத்து. ஃப்ளாட்பேக்குல வந்தது, ஸ்நாப்புல வந்ததெல்லாம் வேற வேற எடத்துல தன் காகிதத்த வெக்கும். அதனாலதான் சில பேரு மெனுல ஃபயர்ஃபாக்ஸ் நரி ரெண்டு தெரியுது. உபுண்டு 22.04-லேர்ந்து ஃபயர்ஃபாக்ஸ ஸ்நாப்பாதான் குடுக்கறாங்க. அது போறாதுன்னு வெளியிலேர்ந்து இன்னொண்ணையும் போட்டா ரெண்டு வரத்தான செய்யும்? ஆப்இமேஜ்னு ஒத்த ஃபைலா எறக்கற, அது பெரும்பாலும் தன் காகிதத்த மெனுல சேக்காது, நீதான் எழுதிக்கணும்.

இப்பத்தான்டா நெசமான வேல. உன் மெனுவத் தொற. நீ கை வெக்காத சாமான் எத்தினி? ப்ரிண்டர் இல்லாத வூட்டுல ப்ரிண்டர் செட்டிங், ஒரே போடுல வந்த மூணு எழுத்து எடிட்டரு, என்னிக்கோ எடுத்துப் போட்டுட்ட ப்ரோக்ராமோட பேரு மட்டும் நின்னுகினு கீறது. சேத்தது போதும், களை எடு. அழிக்க வேணாம். நோடிஸ்ப்ளே ஈக்வல் ட்ரூன்னு ஒரு வரி போடு, மெனுல தெரியாது, ஆனா அந்த ஃபைலத் தொறக்கச் சொன்னா ஓடும். ஹிட்டன் ட்ரூன்னு போட்டா அது செத்துப் போனதா கணக்கு, யாரு கண்ணுக்கும் தெரியாது. ரெண்டுத்துக்கும் வித்தியாசம் தெரியாம ஹிட்டன் போட்டுட்டு, பிடிஎஃப் தொறக்கலன்னு என்கிட்ட வராத. ட்ரைஎக்ஸெக்குன்னு ஒரு வரி கீது: ப்ரோக்ராமு நெசமா கீதான்னு பாத்துட்டு, இருந்தாத்தான் மெனுல காட்டும். எடுத்துப் போட்டதோட பேயெல்லாம் அதுல அடங்கும்.

கேட்டகரீஸ்ல ஒய்ங்கா எழுது. ஆபீஸ், கிராபிக்ஸ், எஜுகேஷன், நெட்வொர்க், கேம், யுடிலிட்டின்னு அவங்க வெச்ச பேருங்க கீது, ஒவ்வொண்ணுக்கும் பின்னால அரைப்புள்ளி. நீ பாட்டுக்கு “சூப்பர்”னு ஒரு கேட்டகரி வெச்சா அது லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் மாதிரி அதர்ஸ்ல போய் வுழும். கீவேர்ட்ஸ்னு ஒரு வரி கீதே, அதுல உன் வாயில வர பேர எழுதிக்க. நீ மெனுல “பில்லு”ன்னு தேடறவன், ப்ரோக்ராமு பேரு இன்வாய்ஸ்னு இருக்கும். எழுதி வெச்சா ரெண்டுக்கும் வரும். தமிழ்ல பேரு காட்டணும்னா நேமுக்குப் பக்கத்துல சதுர அடைப்புல டிஏ போட்டு எழுது. கம்ப்யூட்டர் தமிழ்ல இருந்தா அது காட்டும். இதுக்கு எந்த லாஞ்சரும் கம்பைல் பண்ண வேணாம், பாத்துக்க.

கீழ பட்டையில ஒரே அப்ளிகேஷனுக்கு ரெண்டு படம் நிக்குதுன்னு பொலம்பினியே? க்ளிக் பண்ணது ஒண்ணு, தொறந்தது பக்கத்துல தனியா ஒண்ணு. அது உன் தீமு தப்பு இல்லடா. ஜன்னலு தனக்கு ஒரு க்ளாஸ் பேரு சொல்லிக்கும், காகிதத்துல அது இல்லன்னா பட்டைக்கி இது அவனோடதுன்னு தெரியாது. எக்ஸ்ப்ராப்னு ஒரு கமாண்ட் போட்டு ஜன்னல்ல க்ளிக் பண்ணா அந்தப் பேரு வரும், எக்ஸ்லெவன்ல ஓடினா. அத்த ஸ்டார்ட்அப் டபிள்யூஎம் க்ளாஸ்னு ஒரு வரியில எழுதினா ரெண்டும் சேந்துடும். இதுக்குப் போயி ஐகான் தீமு நாலு எறக்கின நீ. நாலும் அழகா கீது, இல்லன்னு சொல்லல.

எழுதி முடிச்சா டெஸ்க்டாப் ஃபைல் வேலிடேட்டுன்னு ஒரு கமாண்டு கீது, டெஸ்க்டாப் ஃபைல் யூடில்ஸ் பாக்கேஜ்ல வரும். அத்த ஓட வுடு. தப்பு இருந்தா எந்த வரின்னு சொல்லும். எல்லாம் சரியா இருந்தா வாயே தொறக்காது. உங்க ஆயா கிட்ட நான் எதிர்பாக்கற குணம்.

இப்ப சிரிப்ப நிறுத்திட்டு ஒண்ணு கேளு. நம்ப ஊரு டாங்கி செய்யற ஊரு. ஆவடியில எத்தினியோ பேரு வூட்டுல யாராவது ஒருத்தன் பாதுகாப்பு வேலையில கீறான். 2023-ல பாதுகாப்பு அமைச்சகம் விண்டோஸ வுட்டுட்டு உபுண்டு மேல கட்டின மாயான்னு ஒண்ணுக்கு மாறப் போறதா செய்தி வந்துது. பல சர்க்கார் ஆபீசுல பாஸ் லினக்ஸ் கீது. 2025 ஆகஸ்ட்ல சைஃபர்மாங்கற பாதுகாப்பு ஆய்வுக் கம்பெனி ஒரு அறிக்க குடுத்துது. ஏபிடி 36-னு ஒரு கும்பல், பாகிஸ்தான் பக்கத்துதுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, பாஸ் லினக்ஸ் வெச்சிகினு கீற இந்திய அரசாங்க ஆளுங்களுக்கு மெயில் அனுப்பிச்சிதாம். மெயில்ல ஒரு ஜிப்பு. உள்ள மீட்டிங் கடுதாசி பிடிஎஃப் மாதிரி ஒரு ஃபைலு. பேரு பிடிஎஃப்னு பேசுது, ஐகானும் பிடிஎஃப். கடேசியில பாத்தா டாட் டெஸ்க்டாப். க்ளிக் பண்ணா எக்ஸெக் வரி எங்கேர்ந்தோ ஒரு ப்ரோக்ராம எறக்கி ஓட்டுது. ஆளுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு கூடவே நெசமான ஒரு பிடிஎஃப்ப ஃபயர்ஃபாக்ஸ்ல காட்டுது. டெர்மினல் ஃபால்ஸ்னு போட்டிருக்கான், அதனால கருப்பு ஜன்னல் எதுவும் எட்டிப் பாக்காது. தானா ஸ்டார்ட் ஆகறதுக்கும் வரி எழுதி வெச்சிக்கிறான், கம்ப்யூட்டர் போட்டா போதும்.

பாத்தியா? அவன் ரோஃபி போடல, கண்ணாடி போடல, எதயும் கம்பைல் பண்ணி அழகு பாக்கல. நீ சீந்தாம வுட்ட அந்தச் சின்ன ஃபைல மட்டும் ஒய்ங்காப் படிச்சிக்கிறான். இந்த மாதிரி ஆபத்துக்குத்தான் க்னோம்ல டெஸ்க்டாப்புல ஒரு டாட் டெஸ்க்டாப் கெடந்தா, நீ ரைட் க்ளிக் பண்ணி அலவ் லாஞ்சிங் குடுத்தாத்தான் ஓடும். அது உனக்குத் தொந்தரவா கீதுன்னு, எல்லாத்துக்கும் மொத்தமா பர்மிஷன் குடுக்கற ஸ்க்ரிப்ட் ஒண்ணு எங்கேர்ந்தோ எடுத்து ஓட வுட்டியாமே? அத்த இன்னிக்கே தூக்கிப் போடு. வெளியிலேர்ந்து வர எந்த டாட் டெஸ்க்டாப்பையும் எழுத்து எடிட்டர்ல தொறந்து எக்ஸெக்க ஒரு வாட்டி படிச்சிட்டு அப்பால தொடு. டாட் கன்ஃபிக், ஆட்டோஸ்டார்ட்டுன்னு ஒரு ஃபோல்டரு கீது, அதுல நீ வெக்காத ஆளு யாராவது குடியிருக்கறானான்னு மாசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாரு.

சரி, இவ்ளோ சொல்லிக் குடுத்தேனே, வாத்தியாருக்குக் கூலி வேணாமா? காசு வேணாம், நீ அத்த ஐகானுக்கே செலவு பண்ணு. எனக்கு ஒரே ஒரு லாஞ்சரு எழுதிக் குடு. நேம்ல “பால் பாக்கி – நிலுவை வசூல்”னு வை. ஐகானுக்கு கால்குலேட்டர் படம். கேட்டகரி ஆபீஸ். எக்ஸெக்ல மட்டும் விஎல்சிய எழுதி, உங்க அக்கா ஏத்திக் குடுத்த சரோஜாதேவி பாட்டு ஃபோல்டரோட முழு வழியப் போடு. டெர்மினல் ஃபால்ஸ், மறந்துடாத. வேலிடேட்டும் பண்ணிடு. உங்க ஆயா பக்கத்துல வந்து நின்னா, கணக்குப் பாத்துகினு கீறேன்னு அவளுக்கு அந்தப் பேரும் படமுமே சாட்சி சொல்லும். ஆனா ஒண்ணு, டாட் டெஸ்க்டாப்பத் தொறந்து எக்ஸெக் வரியப் படிக்கறது எப்பிடின்னு நீ அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்னு என் காதுல வுழுந்துது, நாளையிலேர்ந்து உன் தட்டுல மோருதான்டா, தயிரு கெடயாது.